மாலா சாப்பிட்டாளா?

எவர்சில்வர் தட்டை மொசைக் தரையில் வைக்கும்போது எழும் ஓசையில் எத்தனை விதம் உண்டு என்பதை என் பதினான்காம் வயதில் நான் பாடமாகவே கற்றுவைத்திருந்தேன். மெல்ல வைத்தால் அம்மா களைத்திருக்கிறாள், ‘ணங்’ என்று வைத்தால் அப்பா வீட்டில் இருக்கிறார், வைத்த பிறகும் தட்டு விளிம்பிலேயே சுழன்று சுழன்று ஓய்ந்தால் அன்று யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவது நல்லது. அந்த வருடம் எங்கள் வீட்டில் தட்டுகள்தான் பேசின. அப்பாவும் அம்மாவும் பேசவில்லை.

பதின்வயதினருக்காக நாவல் எழுதுகிறவள் நான். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், “பெரியவங்களுக்கு எப்போ எழுதப்போறீங்க?” என்று கேட்டுவிடுவார். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளை ஓட்டிப் பழகிவிட்டுப் பிறகு பெரிய சைக்கிளுக்கு மாறவேண்டும் என்பதுபோல. சிரித்துச் சமாளித்துவிடுவேன். உண்மையான பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதாது. அந்த வருடத்தை முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

அம்மா அண்ணா சாலையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். அவள் பெயரில் ஒதுக்கப்பட்ட நந்தனம் ‘குவார்ட்டர்ஸில்’ இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா கோடம்பாக்கத்தில் சினிமா படப்பிடிப்புகளுக்கு விளக்குகள் அமைக்கும் குழுவில் இருந்தார். ‘அவுட்டோர்’ என்றால் பத்து நாள், பதினைந்து நாள் ஆளைப் பார்க்க முடியாது. அப்படி அவர் பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்த ஒரு சித்திரை மாதத்தில்தான் என் தாத்தா, அம்மாவின் அப்பா, இறந்துபோனார். தகவல் போய்ச் சேர்ந்து, படப்பிடிப்பிலிருந்து விடுபட்டு, பஸ் பிடித்து அப்பா வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. வாசலில் பையோடு நின்றவரை அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய் எனக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. அப்பாவுக்கு முதலில் குற்ற உணர்வு. நாளாக ஆக அதுவே வீம்பாக இறுகிவிட்டது. ‘ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை’ என்று கீழ்வீட்டு அத்தை அடிக்கடி சொல்வாள். ஓசையே இல்லாத வீட்டுக்கு எந்தப் பழமொழி பொருந்தும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இருவருக்கும் நடுவே நான் இருந்தேன். அந்த வீட்டில் எல்லா வாக்கியமும் ‘சொல்லிடு’ என்று முடிந்தது. சாவி எடுத்துட்டுப் போகணும்னு சொல்லிடு. ராத்திரி எனக்குச் சோறு வேணாம்னு சொல்லிடு. சமையலறைக்கும் முன்னறைக்கும் இடையே பத்தடி தூரம்கூட இருக்காது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் தெளிவாக விழும். இருந்தாலும் நான் நடந்துபோய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

எப்போது திருத்திச் சொல்ல ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலை, தனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று அப்பா சொன்னார். நான் மேலே போய், அப்பாவுக்கு வயிறு சரியில்லையாம், மோர்சாதம் போதுமாம் என்றேன். அன்றைக்கு அம்மா மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அப்பா ஆச்சரியத்தோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கட்டிய முதல் கதை அதுதான். அதன் பிறகு இருவரும் காதுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இல்லாத அக்கறையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அது புரட்டாசி அமாவாசையில் உடைந்தது. மயிலாப்பூர்க் குளத்தருகே தாத்தாவுக்கு மாமா தர்ப்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்கவேண்டும். முதல் நாள் சாயங்காலம் அம்மாவிடம் நான், அப்பாவும் வருகிறாராம், சேர்ந்து போகலாம் என்றாராம் என்று சொல்லிவிட்டேன். அப்பா வீடு திரும்பியதும் அவரிடம் அம்மா கூப்பிட்டாள் என்று சொல்வதாகத் திட்டம். அப்பா வீடு திரும்பவில்லை. ஸ்டூடியோவிலிருந்தே வேறொரு படப்பிடிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கே குளித்து, அரக்குப் பட்டுப் புடவை கட்டி, எள்ளும் வாழைக்காயும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு ஆயிற்று. எட்டு ஆயிற்று. ‘நாம போலாம்மா’ என்று நான் இரண்டு முறை சொன்னேன். “வரேன்னு சொன்னார் இல்ல, வரட்டும்” என்றாள். ஒன்பது மணிக்கு எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். தன் அப்பாவின் முதல் புரட்டாசி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அவள் போகவில்லை. என்னால் போகவில்லை.

“அப்பா எப்போ சொன்னார்?” என்று அவள் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடிக்கவில்லை. “இனிமே நீ எதையும் சொல்ல வேணாம்” என்றாள். அன்று முதல் காலண்டரில் ஒரு துணிக் கிளிப் தொங்கியது. அதில் ‘பால்காரர் வரமாட்டார்’, ‘வெள்ளிக்கிழமை அவுட்டோர்’ என்று சீட்டுகள் செருகப்பட்டன. என் வேலை போய்விட்டது. அம்மா காத்திருந்ததை அப்பாவிடம் சொல்லவும் இனி ஆளில்லை.

சேர்த்துவைத்த வார்த்தைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் படித்துப் பார்க்கலாம் என்றுதான் தோன்றியது. சனிக்கிழமைகளில் நான் போகும் மயிலாப்பூர் வாடகை நூலகத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் பேசும் முயல்கள், மந்திரக் கம்பளங்கள். மற்றொன்றில் காதல், கொலை, கல்யாணம். அதில் கைவைத்தால் நூலகத்து அண்ணன், ‘அது பெரியவங்க படிக்கறது’ என்பார். அப்பா அம்மா பேசாமல் இருக்கும் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினாலு வயசுக்கு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவர் இரண்டு வரிசையையும் நிஜமான அக்கறையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்த வயசுக்குன்னு ஒண்ணும் இல்லையேம்மா” என்றார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பள்ளி பாதி நாள் நடக்கும், பாதி நாள் நடக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கும் ‘ரஃப் நோட்டின்’ பின்பக்கத்திலிருந்து நான் எழுத ஆரம்பித்தேன். மாலா என்று ஒரு பெண். அவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுவதில்லை. மோர்சாதம், எள், அரக்குப் புடவை எல்லாம் வந்தன. பெயர்களைத் தவிர எதையும் மாற்ற எனக்குத் தெரியவில்லை.

தி.நகர்ப் பக்கம் இருந்த பெண்கள் பள்ளி எங்களுடையது. என் பக்கத்தில் உட்கார்ந்த ஃபரீதா, கணக்கைப் பார்த்து எழுத நோட்டை எடுத்தவள், பின்பக்கத்தைப் படித்துவிட்டாள். என்னைக் கேட்காமலே அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நோட்டு வகுப்பைச் சுற்றி வந்தது. எனக்கு அவமானத்தில் காய்ச்சல் வரும்போல இருந்தது. ஆனால் யாரும் கேலி செய்யவில்லை. ‘நல்லா கீது’ என்று ஒருத்தி போகிறபோக்கில் சொன்னாள்.

கடைசி பெஞ்சு செல்வி, ஒன்பதாம் வகுப்பை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தவள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து நடந்து வருவாள். வருடம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு மதிய இடைவேளையில், மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த என்னருகே வந்து, நோட்டை நீட்டி, மாலா கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டாள். இன்னும் எழுதவில்லை என்றேன்.

“எங்கூட்ல கத்துவாங்கோ. அந்த மாலா வூட்ல கத்தல. அவ்ளோதான் வித்தியாசம்” என்றாள். “சீக்கிரம் எழுது.”

இரண்டு நாளில் முடித்தேன். மாலாவின் பிறந்தநாளன்று அப்பா பூ வாங்கி வருகிறார்; அம்மா சிரிக்கிறாள்; மூவரும் கடற்கரைக்குப் போகிறார்கள். எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்தது. செல்வி நின்ற இடத்திலேயே படித்தாள். படித்து முடித்ததும் நோட்டை மூடி என் கையில் வைத்தாள்.

“இது டூப்பு. அவுங்கோ சேர்றதும் சேராததும் அவுங்கோ பாடு. அது நம்ம கைல இல்ல. அந்தப் பொண்ணு சோறு துன்னாளா? இஸ்கூலுக்கு வந்தாளா? அத்த எழுது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இதுகூடத் தெரியவில்லையா என்பதுபோலச் சொன்னாள். நான் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மாலா காலையில் தானே தோசை வார்த்துச் சாப்பிடுகிறாள். காலண்டர்ச் சீட்டுகளைப் படிக்காமல் கடந்து போகிறாள். மழை நின்ற மைதானத்தில் த்ரோபால் ஆடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. இன்றுவரை அதைவிட நல்ல முடிவு ஒன்றை நான் எழுதியதில்லை.

செல்வி அதைப் படிப்பதற்குள் தமிழ் ஆசிரியையின் கண்ணில் நோட்டு பட்டுவிட்டது. ‘கதை சோறு போடாது’ என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. இரண்டு பக்கம் படித்ததும் முகம் மாறியது. அப்பா, அம்மா இருவரையும் அழைத்துவரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காலண்டர்க் கிளிப்பில்தான் செருகினேன்.

இருவரும் தனித்தனியாக வந்தார்கள். தலைமையாசிரியை அறையில் எதிரெதிர் மூலைகளில் நின்றார்கள். நான் வாசலில் நின்றேன். பிள்ளை படிப்பதை விட்டு என்னென்ன எழுதிக்கொண்டிருக்கிறாள் பாருங்கள் என்று காட்டுவதற்காக, ஆசிரியை நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்தார். அது அமாவாசைப் பக்கம். மாலா சொன்ன பொய்யும், மாலாவின் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஒன்பது மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் அவர் குரலில் ஒவ்வொரு வரியாக வந்தன. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லையே.

இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டதால் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மூவரும் உட்கார வேண்டியிருந்தது. நடுவில் நான். அப்பா என் தலைக்கு மேலாகக் கேட்டார்.

“அன்னைக்கு எனக்காகவா உக்காந்திருந்த?”

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

“ஒன்பது மணி வரைக்கும்” என்றாள், அவரைப் பார்த்தே.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அதன் பிறகு எல்லாம் இனிமையாகிவிட்டது என்று சொன்னால் செல்வி ஒப்புக்கொள்ளமாட்டாள். சண்டை வந்தது, இம்முறை சத்தமாக வந்தது. கீழ்வீட்டு அத்தைக்குக் கேட்கும்படி அம்மா அழுது தீர்த்தாள். காலண்டரிலிருந்து கிளிப் எப்போது இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடப் புரட்டாசி அமாவாசையில் அப்பா வேலைக்குப் போகாமல் குளத்தருகே மாமாவுக்குப் பின்னால் நின்றார், மழையில் சட்டை நனைய நனைய. பள்ளியில் கையெழுத்துப் போட்ட அன்றே, ஆசிரியை திருப்பிக் கொடுத்த நோட்டை அம்மா என் பையில் வைத்துவிட்டாள். அதற்காக என்னை ஒருநாளும் திட்டியதில்லை.

மறுநாள் நான் அதை நேராகச் செல்வியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவைப் படித்துவிட்டு, ‘இப்போ சரி’ என்றாள். வீட்டுக்கு எடுத்துப்போய் இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று கேட்டாள், கொடுத்தனுப்பினேன். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் அது. விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டார்கள், எல்லோரையும் ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள் என்று ஃபரீதாதான் விசாரித்துச் சொன்னாள்.

இன்று அந்த ஆற்றோரம் கம்பிவேலி போட்டிருக்கிறது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துப் பல மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள்; இரண்டாம் மாடி எந்த உயரத்தில் இருந்தது என்றுகூட அண்ணாந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. வாடகை நூலகம் இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அம்மா என்னோடு அடையாறில் இருக்கிறாள், நான் எழுதும் எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் படிப்பவள் அவள்தான்.

வீட்டுப் பெரியவர்களின் பாரத்தைச் சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதாகவும், அதைப் பற்றிப் பேசும் அளவுக்கு வளரவில்லை என்பதாகவும் ஒரே நேரத்தில் நடத்தப்படும் வயது அது. எனக்கு அந்த வயதில் ஒரு வாசகி கிடைத்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் அல்ல, நம்பக்கூடிய ஒரு வரி. அதை எழுதப் பழகிக்கொண்டே இருக்கிறேன். பெரியவர்களுக்கு எழுத இன்னும் நேரம் கிடைக்கவில்லை. என் முதல் நாவலின் ஒரே பிரதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் கொடுத்தேன் என்று தெரியும். அது போதுமென்றே இருக்கிறது.