சர்மிளா அணைக்காமல் கொண்டுபோன குரல்

சர்மிளாவின் சாம்பிளர் அவளைவிட இரண்டு வயது மூத்தது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவள், யாரோ கழித்துப்போட்ட அந்த இரும்புப் பெட்டியை வாங்கி வந்து உயிர்கொடுத்திருந்தாள். ஒரு குரலை அதில் பதிந்துவிட்டால் போதும், கட்டைக்குக் கட்டை ஏற்றி இறக்கி ஒரு கூட்டமே பாடுவதுபோல வாசிக்கலாம். ஆனால் பெட்டிக்குப் பொல்லாத மறதி. மின்சாரம் ஒரு நொடி போனாலும் பதிந்தது அத்தனையும் அழிந்துவிடும். ஃப்ளொப்பியில் சேமிக்கலாம் என்றால், அந்தப் பகுதி எப்போதோ செத்துவிட்டது.

இந்த முறை பதிய வேண்டியிருந்தது அவளுடைய அம்மா அங்கம்மாவின் தாலாட்டு. போன வருடம் தொண்டையில் ஒப்பரேசன் செய்ததோடு அங்கம்மாவுக்குக் குரல் போய்விட்டது. அதற்கு முதல் நாள் சர்மிளா போனில் பிடித்து வைத்ததுதான் மிச்சம். நாடகம் போடும் மயூரதன் அதைத் தன் கடைசிக் காட்சியில், நடிகர்களின் சுருதிக்கு ஏற்றி வாசிக்கக் கேட்டார். கண்டி மண்டபத்தில் வைத்தே பதிந்து பார்த்தபோது, மேடை விளக்குகளின் ரீங்காரமும் சேர்ந்து ஏறிக்கொண்டது.

"சனிக்கிழமையும் இப்பிடி இரைஞ்சால் பாட்டை வெட்டிப்போடுவன். விளங்குதோ?" என்றார் மயூரதன். சொன்னால் செய்கிற மனுஷன். அவளோ அதற்குள் அம்மா இருக்கும் கலஹாவுக்குச் சொல்லி, நாடகம் பார்க்க அம்மாவைப் புறப்படவும் வைத்திருந்தாள்.

மூன்று நாள் வீட்டில் பதிந்து பார்த்தாள். மின்விசிறியை நிறுத்தினாள், பிரிஜ்ஜின் வயரைப் பிடுங்கினாள், போனைச் சார்ஜரிலிருந்து கழற்றினாள். அளவைக் குறைத்தால் குரலுக்குப் பின்னால் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல், கூட்டினால் உச்சியில் கரகரப்பு. அளவு மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்குக்கு மயிரிழை கீழே நின்ற ஒரே ஒரு தடவை, சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோலவே கேட்டது. சர்மிளாவுக்கு அழுகை வந்தது.

நாடகம் நான்கு மணிக்கு. பெட்டியை அணைக்கக் கூடாது. அதற்கென்றே, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு யூ.பி.எஸ்ஸைக் கடையிலிருந்து இரவல் வாங்கி, முதலிலேயே பெட்டியை அதில் மாட்டித்தான் பதிந்திருந்தாள்; இரண்டையும் அப்படியே மஹ்மூத் நானாவின் ஆட்டோவில் ஏற்றினாள். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிய நேரத்திலிருந்து யூ.பி.எஸ் கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது.

"என்ன ஈக்கு இதுக்குள்ள?" மஹ்மூத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அம்மா குரல் நானா. இது நிக்கிறதுக்குள்ள போயாகணும்."

கண்டிக்குப் போகும் பாலத்தில் வாகனங்கள் ஆமைபோல ஊர்ந்தன. யூ.பி.எஸ்ஸில் சார்ஜைக் காட்டும் நான்கு விளக்குகள் இரண்டாயின. குழியில் சக்கரம் விழுந்தபோதெல்லாம் சர்மிளா பெட்டியைக் கைப்பிள்ளையைப்போல மடியோடு அணைத்துக்கொண்டாள். மஹ்மூத் எதிரே வந்த பஸ்காரனோடு சிங்களத்தில் ஒரு பாட்டம் சண்டை பிடித்து, கிடைத்த இடுக்கில் நுழைந்தார்.

மண்டபத்துக்கு வந்தபோது எரிந்தது ஒரே விளக்கு. கீச்சொலி இடைவிடாமல் இழுக்கத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேடையில் இருந்தது பழைய வட்டத்துளை பிளக் பொயின்ட், இரவல் யூ.பி.எஸ்ஸின் வயரிலோ சதுரக் கால்கள். மஹ்மூத்தான் வெளியே தேநீர்க் கடைக்கு ஓடி, கேத்தலில் மாட்டியிருந்த அடப்டரைக் கேட்காமலே உருவி வந்தார். கடைக்காரன் பின்னாலேயே ஏசிக்கொண்டு வந்தான். செருகியதும் கத்தல் நின்றது. சாம்பிளரின் திரை அணையவில்லை.

கடைசிக் காட்சியில் சர்மிளா மேடையோரத்திலிருந்து ஒரு கட்டையை அழுத்தினாள். இரைச்சல் ஒரு பொட்டுமில்லை. தாலாட்டு மண்டபம் முழுக்க நிறைந்தது. மயூரதன் திரைக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார்.

மூன்றாம் வரிசையில் அங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கதிரைப் பெண் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள், கை மேடையைக் காட்டியது. பாடுவது யாரென்று கேட்டிருக்க வேண்டும். அங்கம்மா வாயைத் திறந்தாள். பிறகு தன் தொண்டையை விரலால் தொட்டுக் காட்டினாள், திரும்பத் திரும்ப.

அந்தப் பெண் பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

அது எங்கம்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது சர்மிளாவுக்கு. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. விரலை எடுத்தால் குரல் நின்றுவிடும். கட்டையை அழுத்தியபடியே, அம்மா அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.