கை படாத உப்பளம்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அருங்காட்சியகத்தில் சத்தம் போட்டேன். சாதாரணச் சத்தமில்லை... செக்யூரிட்டி ஓடி வருகிற அளவுக்கு! கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் ஃபிளாட் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஃப் கிடைத்தால் தூங்குகிறவளை, 'நிலக்காட்சி போட்டோ எக்ஸிபிஷன், ஏசி ஹால், வாயேன்' என்று இழுத்துப் போனதே நான்தான்.

பனி மலை, பாலைவனம், ஏரி... எதிலும் ஆள் இல்லை. 'அப்பாடா, என்ன அமைதி!' என்று நானும் ரசித்துக்கொண்டே போனேன். கடைசி அறையில் சுவர் முழுக்க ஒரே படம். விடியற்கால உப்பளம். தண்ணீர் மின்னும் பாத்திகள், இளஞ்சிவப்பு வானம், ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கீழே ஆங்கிலத்தில் தலைப்பு – 'மனிதக் கை படாத நிலம்'.

எஸ்தர் நின்றுவிட்டாள்.

"எக்கா, இது எங்க அளம்லா!"

"எல்லா உப்பளமும் ஒரே மாதிரிதானே இருக்கும்?" என்றேன்.

குவியலின் அடியைக் காட்டினாள். சின்னதாக ஒரு தூக்குவாளி.

"கைப்பிடி ஒடிஞ்சிட்டுன்னு என் ஸ்கூல் ரிப்பன வச்சு நாந்தான் கட்டிக் குடுத்தேன். எங்கம்மா வாளிக்கா அது."

கிட்டப் போய்ப் பார்த்தேன். சிவப்பு ரிப்பன்!

"ப்ளஸ் டூ லீவுல அம்மாகூட நானும் உப்பு வாரப் போனேன். பெரிய கேமராவோட ஒருத்தரு வந்தாரு. படத்துல ஆளு விழக்கூடாதுன்னுட்டாரு. கணக்கப்பிள்ளை எங்க எல்லாத்தையும் அந்தக் குவியலுக்குப் பின்னால உக்கார வச்சுட்டாரு. அவரு கேமராவ மடக்குறதுக்குள்ள வெயில் ஏறிட்டு. விட்டுப்போன வேலைய உச்சி வெயில்ல முடிக்கச் சொன்னாவ. அம்மா மயங்கி விழுந்துட்டாவ."

அதாவது, இந்தப் படம் எடுத்தபோது எஸ்தரும் அவள் அம்மாவும் அந்தக் குவியலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கை படாத நிலமாம்! பாத்தி கட்டியது யார்? உப்பு தானாக நடந்து வந்து குவிந்துகொண்டதா? ஆளில்லாத அழகை ரசித்து வந்த என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பொறுப்பாளர் பெண் வந்தார். விஷயத்தைச் சொல்லி, "தலைப்பையாவது மாத்துங்க" என்றேன். சிரித்தார். அது ஆர்ட்டிஸ்டின் 'விஷன்' என்று ஆங்கிலத்தில் விளக்கினார். வேண்டுமானால் விசிட்டர்ஸ் புக்கில் கருத்து எழுதலாமாம்.

அங்கேதான் வெடித்தேன். "ஆளுங்களை ஒளிச்சு வெச்சுட்டுப் படம் எடுக்கறதுக்குப் பேரு விஷனா?" – ஹிந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து வந்தன. "மேடம்ஜி, தீரே, தீரே" என்று செக்யூரிட்டி என்னை அமர்த்தப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

எஸ்தர் இன்னும் படத்தின் முன்னால் அப்படியே நின்றிருந்தாள். அப்போதுதான் ஓர் இளம் ஜோடி செல்போனோடு வந்தது. அந்தப் பையனுக்கு அதே படத்தின் முன்னால் தன் தோழியை நிறுத்தி எடுக்க வேண்டும்.

"தீதி, ஜரா ஹட் ஜாயியே." ஃபிரேமில் விழுகிறாளாம். கொஞ்சம் நகர வேண்டுமாம்.

எஸ்தர் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நஹீ ஹட்டூங்கி," என்றாள். நகர மாட்டாளாம். பிறகு என்னிடம், "அன்னைக்கு நவுந்தது போதும்க்கா."

வாளிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பையன் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தான். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டே க்ளிக் செய்துகொண்டு போனான்.

தலைப்பு இன்னும் மாறவில்லை. ஆனால் டெல்லியில் யாரோ ஒருவனின் செல்போனில், அந்த அளத்தில் ஓர் ஆள் நிற்கிறாள்!