கொடி ஏறியதைப் பார்த்தவள்

பல்லாவரத்தை அடுத்த குன்றுகளில் அப்போது கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு, அங்கே ஒரு குவாரியில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தேன். கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லாரிகளை அனுப்புவதும் கொடி ஏற்றுவதும்தான் வேலை.

தகரக் கொட்டகையின் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பம் நட்டிருந்தது. உச்சியில் கப்பி, அதில் ஓடும் கயிறு, கயிற்றில் சிவப்புத் துணி. பாறையில் குழி போட்டு மருந்து வைத்து முடித்ததும், வெடிக்காரர் மேலேயிருந்து துண்டை ஆட்டுவார். நான் விசில் ஊதிக் கொடியை ஏற்றுவேன். பள்ளத்தில் ஜல்லி உடைக்கும் பெண்கள் எழுந்து லாரிகளுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். பள்ளம் காலியானதைப் பார்த்தபின் கொடியைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றுவேன். திரியில் நெருப்பு வைக்கலாம் என்று அதற்குப் பொருள். மேலே நிற்பவருக்குப் பள்ளத்தின் அடி தெரியாது. என் கொடியை நம்பித்தான் அவர் பற்றவைப்பார்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. புருஷன் விட்டுப்போனவள், பம்மலில் ஒரு குடிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். விசிலால் அவளுக்குப் பயனில்லை. அதனால் கம்பம் தெரியும்படி உட்கார்ந்து, நாலு அடி அடித்தால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள்.

அவள் அப்படி நிமிர்வது எனக்கு வேடிக்கையாகிவிட்டது. ஒருநாள் வெடிக்காரர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, விசில் ஊதாமல் சும்மா கொடியை ஏற்றினேன். அவள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் கொடியை இறக்கி ஏற்றினேன். புடவை தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள்.

"இன்னா ஓட்டம் ஓட்றா பாரு," என்றார் வெடிக்காரர். "நல்லா டைம் பாஸு சார் உனுக்கு."

"பாவம் சார், வுட்டுடு," என்றாள் ஒரு பெண், சிரித்துக்கொண்டேதான். "முட்டி பேந்துகினு நிக்கிது பாரு."

அலுப்புத் தட்டும்போதெல்லாம் செய்தேன். என்னை யாரும் தூண்டவில்லை. நாளடைவில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கொடி ஏறியதும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரித்தால் உட்கார்ந்துகொள்வாள், சிரிக்காவிட்டால் ஓடுவாள். ஆனால் கொடியை இறக்கி ஏற்றிவிட்டால், பயம் வந்து எப்படியும் ஓடிவிடுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சந்தைக்குப் போகும் அவசரத்தில் மற்றப் பெண்கள் முன்னதாகவே லாரியில் ஜல்லி ஏற்ற வந்துவிட்டார்கள். பள்ளத்தில் அவள் மட்டும் இருந்தாள். டிரைவர் ஒருவர், அந்தப் பெண்கள் சந்தையில் கருவாட்டுக்குப் பேரம் பேசுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேலே துண்டு ஆடியது. சிரிப்பு அடங்காத முகத்தோடு விசில் ஊதிக் கொடியை ஏற்றினேன்.

அவள் கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே இருந்தாள்.

ஓடட்டும் என்று கொடியை இறக்கி ஏற்றினேன். மேலே வெடிக்காரர் திரியைப் பற்றவைத்துவிட்டு மறைந்தார்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இனிமேல் ஏமாற மாட்டேன் என்பதுபோல விரலை ஆட்டினாள். நான் இரண்டு கைகளையும் வீசினேன். அவளும் அதேபோல் வீசிக் காட்டினாள்.

திரி எரியும் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கி ஓடி அவளை இழுத்துவர அது போதும். நான் லாரிக்குப் பின்னால் போனேன்.

கவனக்குறைவு என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். கவனக்குறைவெல்லாம் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுடைய வலது கை நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்தபின் குவாரிக்கு வந்தாள். ஒற்றைக் கையால் ஒரு கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, நாலு தப்படி நடந்து, முதலாளியிடம் தன்னால் முடியும் என்று காட்டினாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்குக் கொடி ஏத்துனியாப்பா?"

"ஏத்தினேன் சார்."

"அவ பாத்தாளா?"

"பாத்தா சார்."

இரண்டும் உண்மை.

"அப்புறம் நான் இன்னா பண்றது? கொடிய மதிக்காத ஆள வெச்சிகினு, நாளைக்கு இன்னொரு பேஜாரா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். இடக்கையால் கம்பத்தைக் காட்டினாள். பிறகு என் முகத்தை. பிறகு தன் உதட்டோரத்தை விரலால் மேலே இழுத்துக் காட்டினாள்.

"இன்னா சொல்றா?" என்றார் முதலாளி.

"புரியல சார்," என்றேன்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, முதலிலிருந்து, இன்னும் மெதுவாகக் காட்டினாள்.