கடைசிப் பந்தியின் இலைகள்

கிருத்திகை பஜனைக்கு வரும் அக்கா தங்கைகளே, அந்த ஆடி மாதம் என் வேலை போகிற நிலையில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். பெங்களூரில், கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற ஓர் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். இங்கே நம் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு நான் டைப்பிஸ்ட். மீதிப் பேருக்கு, நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாதோ என்று சந்தேகம்.

சின்ன வயதிலிருந்தே நான் கேள்விக்காரி. அப்பா ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தால், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் எப்படி நிற்கிறது, கீழே காற்று எங்கிருந்து வருகிறது என்று துளைத்து எடுப்பேன். "வாயாடி, மொதல்ல சோறு துன்ன வுடு" என்பார். அந்த வாய்க்கு ஏற்ற வேலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதல் பெரிய வேலை ஒரு துணி மில்லுக்கு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் துளை போட்ட ஓர் அட்டை. மெஷின் அந்தத் துளைகளைப் படித்துச் சம்பளத்தைக் கூட்டி, பிரிவு வாரியாக மொத்தம் அச்சடிக்க வேண்டும். எல்லாம் வந்தது. சாயப் பிரிவின் மொத்தம் மட்டும் வரவில்லை. அட்டை கிழிந்ததா? இல்லை. துளை தப்பா? இல்லை. கடைசியில் இருந்த சாயப் பிரிவு அட்டைகளை எடுத்து முதலில் வைத்துப் பார்த்தேன். சாயம் வந்துவிட்டது, பேக்கிங் பிரிவு காணாமல் போனது! எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

எங்கள் மேலதிகாரிக்கு ஆச்சரியம் இல்லை, கோபம். "திங்கட்கிழமை மில்காரங்க வராங்க. மெஷின் நமக்கு ஒரே ஒரு தடவதான் கிடைக்கும். அதுலயும் சரியா வரலைன்னா நீங்க அட்டையில துளை போடற செக்‌ஷனுக்குப் போயிடுங்கம்மா" என்றார். அங்கே போனவர்கள் யாரும் திரும்பிப் புரோகிராம் எழுத வந்ததில்லை. சனிக்கிழமை ரயிலில் ஊருக்கு வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை.

"இன்னாடி, மூஞ்சி இப்படி கீது? கோயிலுக்கு வா. முருகன் கிட்ட சொல்லு, அன்னதானத்துல பரிமாறு, எல்லாம் சரியா பூடும்" என்று அம்மா இழுத்துப் போனாள். அதுவரை சாமி கும்பிடுவது அம்மாவின் வேலை என்றே இருந்தவள் நான். சந்நிதியில் வாய்விட்டே கேட்டேன்: "முருகா, வேலைய காப்பாத்துன்னு கூட கேக்கல. அந்த மொத்தம் ஏன் வரலன்னு மட்டும் சொல்லு. தெரியாம பூட்டா என் கட்ட கூட வேகாது."

அம்மா தொடையில் கிள்ளினாள். "சாமி கிட்ட போயி யாருனா ஏன்னு கேப்பாங்களா?"

கண்ணை மூடி நின்றேன். மணிச் சத்தம் கேட்டது. வேறொன்றும் தோன்றவில்லை.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டவர் இலையை எடுக்கக் கூடாது. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் வந்து நின்றதும் பரிமாறுகிற நாம்தான் இலைகளை எடுத்து, தரையைத் துடைத்து, அவர்களை உட்கார வைப்போம். அன்றும் பந்தி மேல் பந்தியாக அப்படியே ஓடியது. கடைசிப் பந்தி, பரிமாறிய எங்களுக்கு. சாப்பிட்டோம், கை கழுவினோம், குழாயடியில் நின்று கதை பேசினோம்.

உள்ளே எட்டிப் பார்த்த அம்மா கத்தினாள். "இன்னாடி இது, எல எல்லாம் அப்டியே கீது! யாரும் எடுக்கலியா?"

எங்களோடு பரிமாறிய பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சிரித்தாள். "அடுத்த பந்தி வந்தாதானே எலய எடுப்போம்? நமக்கு அப்பறம் யாரு வரா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் புரோகிராமும் அதையேதான் செய்துகொண்டிருந்தது! அடுத்த பிரிவின் அட்டை வந்தால்தான் முந்தைய பிரிவின் மொத்தத்தை அச்சடி என்று எழுதி வைத்திருந்தேன். கடைசிப் பிரிவுக்குப் பின்னால் யார் வருவார்கள்? அதன் மொத்தம் கூட்டி முடித்தபடி உள்ளேயே கிடந்திருக்கிறது. "ஐயோ முருகா!" என்று கத்திவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தனை இலைகளையும் நான் ஒருத்தியே எடுத்தேன். பெண்ணுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா பூரித்துப் போனாள்.

திங்கட்கிழமை, அட்டைகள் தீர்ந்ததும் மிச்சமிருக்கும் மொத்தத்தையும் அச்சடி என்று ஒரு கட்டளையைச் சேர்த்தேன். மில்காரர்கள் நின்று பார்க்க, மெஷின் தடதடவென்று அடித்தது. கடைசிப் பிரிவின் மொத்தமும் வந்தது. மேலதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"அன்னதானத்துல தெரிஞ்சது சார்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. பாவம், கேட்டிருக்கலாம்.

வேலை நிலைத்தது. இன்று கம்பெனி கம்பெனியாகப் போய், அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புரோகிராம் எழுதுகிறேன். எந்தக் கிருத்திகையையும் விட்டதில்லை.

சொன்னது முருகனா, செல்வி அக்காவா என்று ஆபீசில் கேலி செய்வார்கள். நானும் அதை யோசித்துப் பார்த்ததுண்டு. பரிமாறப் போகாமல் வீட்டில் அழுதுகொண்டு படுத்திருந்தால் அந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்குமா? என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் அவன்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆகவே அவனிடம் எதையும் கேளுங்கள், ஏன் என்றுகூடக் கேளுங்கள், கோபிக்க மாட்டான். இந்த ஆடிக்கும் அன்னதானம் இருக்கிறது. பரிமாற ஆள் போதவில்லையாம். மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.