உப்புத் தண்ணீரும் உபதேசியார் சூசைநாதனும்

பாகூருக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்று. அவற்றுக்கு ஒரு சின்னக் கோயில். சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் நடத்தவும், வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கவும் ஆயரின் மேற்றிராசனம் அனுப்பி வைத்தவர்தான் உபதேசியார் சூசைநாதன்.

வில்லியனூர்க்காரர். இருபத்தாறு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஐம்பத்தொரு வயதில் உபதேசியார் பயிற்சிக்குப் போனார். இயந்திர இரைச்சலிலேயே காலம் போனதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. முதல் ஞாயிறு அவர் பிரசங்கம் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த அவர் மனைவி ரெஜினா, "ஆண்டவருக்குக் காது கேக்கும்யா, மெதுவா சொல்லு" என்றார். கோயிலே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனாலும் தான் எதற்கு வந்தோம் என்ற சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. வீடுகளுக்குப் போனால் காப்பி கொடுப்பார்கள், பேசுவார்கள், அவ்வளவுதான். விசுவாசத்தைப் பற்றி அவர் வாயெடுத்தால் டிவி சத்தம் கொஞ்சம் கூடும்.

இரண்டாம் வருடம் கோடையில் கோயிலுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் நடேசன் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சை வைத்து எல்லாம் முடிந்த நேரத்தில் உபதேசியார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனார்.

"உபதேசியாரே, நீயும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போப்பா" என்று நடேசன் கூப்பிட்டார்.

இவர் இறங்கி, சிலுவை போட்டு, மாதாவுக்கு ஒரு ஜெபம் சொன்னார், வழக்கம்போல உரத்த குரலில். சாயங்காலம் தண்ணீர் பீறிட்டு வந்தது. இளநீர் மாதிரி நல்ல தண்ணீர். அடுத்த வாரமே ஊரில் அவருக்குப் பெயர் வந்துவிட்டது. ஈனப் போகும் பசுவுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பரீட்சைக்கு என்று எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். சட்டை தினமும் இஸ்திரி ஆயிற்று. "மாதா குடுப்பா, கவலைப்படாத" என்பது அவர் வாயில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

"இன்னாயா, மாதாவுக்கு நீதான் செகரெட்டரியா?" என்று ரெஜினா கேட்டார். அவர் இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கனகாம்பாளுக்கு ஊரின் கிழக்கோரத்தில் ஒரு ஏக்கர் நிலம். கணவர் இல்லை, தனி ஆளாகக் கத்தரியும் வெண்டையும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, அந்தப் பக்கம் உப்பு ஏறியிருக்கும் என்று தயங்கினார். கனகாம்பாள் உபதேசியாரிடம் வந்தார்.

"நீ சொல்லு உபதேசியாரே. போர் போடலாமா, வாணாமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அந்த வார்த்தை வரவில்லை.

"போடும்மா. மாதா குடுப்பா."

தண்ணீர் வந்தது. கனகாம்பாள் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, துப்பினார். உபதேசியாரும் குடித்தார். கடல் தண்ணீரேதான். கனகாம்பாள் அவரைத் திட்டவில்லை. சேறு பட்ட காலை அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அதன்பின் எட்டு நாள் உபதேசியார் வெளியில் தலைகாட்டவில்லை. ராஜினாமாக் கடிதம்கூட எழுதினார். ஒன்பதாம் நாள் காலையில் என்ன தோன்றியதோ, எழுந்து நேராகக் கனகாம்பாள் வீட்டுக்குப் போனார். போய்ச் சொன்னதை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். சாமி பேரை வேற இழுத்துட்டேன்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? போடுன்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துது. நீ சொன்ன. வுடு" என்றார் கனகாம்பாள். பிறகு, "எட்டு நாளா எங்க போன? அதுக்குத்தான் எனக்குக் கோவம்" என்றார்.

அங்கிருந்து உபதேசியார் நடேசனிடம் போனார். "ராத்திரியில உன் மோட்டார் சும்மாதான கெடக்குது? அந்தம்மாவுக்குத் தண்ணி வுடு" என்று கேட்டார். நடேசன் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், "பைப்பு புதைக்க ஆள் வெக்க மாட்டேன், நீயே தோண்டிக்க" என்றார்.

இவர் தோண்டினார். முந்நூறு மீட்டர், வரப்போரமாக. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. முதல் நாளே கொப்புளம் வெடித்தது. கனகாம்பாள் மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, "தள்ளு, நானும் வெட்றேன்" என்று இறங்கினார். இரண்டாம் நாள் ரெஜினாவும் சோறு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள், மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தபோது, தனியாக வெட்டிக்கொண்டே ஜெபம் சொன்னாராம். எதையும் வேண்டிக் கேட்கவில்லை. சத்தமும் போடவில்லை. "இருபத்தாறு வருஷம் மில்லு, ரெண்டு வருஷம் கோயிலு. அன்னிக்குத்தான் ஆண்டவர் பக்கத்துல இருக்காருன்னு தெரிஞ்சுது. பக்கத்துல இருக்கறவருகிட்ட எதுக்குக் கத்தணும்?" என்றார் என்னிடம்.

அந்தப் பருவத்தில் கனகாம்பாளின் கத்தரி நன்றாகக் காய்த்தது. அவர் கிறிஸ்தவராகவில்லை; உபதேசியாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஞானப்பாடப் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று ஞாயிறுதோறும் அவித்த கடலை கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

ராஜினாமாக் கடிதத்தை ரெஜினா அடுப்பில் போட்டுவிட்டார். இப்போதும் உபதேசியாரிடம் ஜெபம் கேட்டு வருகிறார்கள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. "வேண்டிக்கிறேன். கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது. கெடைக்கலன்னாலும் வந்து சொல்லு, நான் இங்கதான் இருப்பேன்" என்கிறார். போன மாதம் நடேசனின் மருமகள் சரண்யாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து மாலைவரை உபதேசியார் நடேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு பேரும் ஒரு தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்களாம். அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை என்று நடேசன்தான் சொன்னார், சந்தோஷமாக.