சண்முகலிங்கத்தாரின் சிவப்புப் புள்ளி

"மூச்சு விடாதை, தம்பி."

மூச்சை அடக்கிக்கொண்டேன். குறித்த அளவுக்கு மேல் இறுக்கினால் 'டிக்' என்று எச்சரிக்கும் ஸ்குரூட்ரைவரால், கைத்துப்பாக்கியின் தலையில் குந்தியிருக்கும் சின்னக் கண்ணாடிக் கருவியைச் சண்முகலிங்கம் பொருத்திக்கொண்டிருந்தார். அதன் வழியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி நிற்கிற இடத்துக்குக் குண்டு போகும். போகவேண்டும் என்பது ஏற்பாடு.

வோபர்ன் என்ற புறநகரில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமைக் காலைகள் இப்படித்தான் கழியும். ஆணிக்கு நீலப் பசை ஒரு துளி. அதன்மேல் மனைவி ரதியின் கியூடெக்ஸால் ஒரு கோடு; ஆணி அசைந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ரதி அக்காவின் நகத்தில் கியூடெக்ஸைக் கண்டு இரண்டு வருடமாகிறது. கோடைக்கும் குளிருக்குமாக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாற்றும் நாளில் ஊரெல்லாம் புகை அலாரத்துக்குப் பற்றரி மாற்றும். இவர் புள்ளிக்கு மாற்றுவார். பற்றரி தீர்ந்த வீட்டு அலாரம் மூன்று மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. "உதுக்கு அவசரமில்லை. புகை வந்தா மூக்குச் சொல்லும்."

புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க, நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் தடை வந்தபிறகு, இருக்கிற ஒன்றுக்குச் செல்லம் கூடிவிட்டது. சுடும்போது மட்டும் அந்தச் செல்லத்தின் பலன் தெரிவதில்லை. குறி தப்பினால் ஆணியில் பிழை, பற்றரியில் பிழை, குளிரில் பிழை. "என்ர கை கல்லு மாதிரி. சாமான்தான் அசையுது."

துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஒக்டோபர் போட்டியில் மூன்று வருடமாக அவரைத் தோற்கடிப்பவர் மரியோ, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கண்ணாடியும் இல்லை, பற்றரியும் இல்லை; துப்பாக்கியோடு பிறந்த இரும்புக் குறிமுள்தான். இந்த வருடம் ரதி அக்கா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "இந்த முறையும் மரியோவிட்டத் தோத்தா, பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிடுவன்."

அதனால் ஆயுத பூசை வழக்கத்தைவிட விமரிசையாக நடந்தது. துப்பாக்கியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, கருவியின் உச்சியில் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் தூள் உதிர உதிரத் தாராளமாகக் குங்குமமும் அப்பினார். "பார், கண்ணாடியில ஒரு பொட்டும் படேல்லை," என்று பெருமை வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. புள்ளியைக் காணவில்லை.

பற்றரியை மாற்றினார். 'டிக்' என்று இறுக்கினார். கியூடெக்ஸ் கோட்டைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். "பற்றரிக்காரன் ஏமாத்திப்போட்டான், தம்பி," என்றபோது குரல் உடைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். போய்ச் சுட்டார். இலக்குக் காகிதம் ஏறத்தாழப் புதிதாகவே திரும்பி வந்தது. பேஸ்மென்ட் போயிற்று.

வெறுமையாக்கி மேசையில் வைத்த துப்பாக்கியை மரியோ குனிந்து பார்த்தார். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, புள்ளியின் வெளிச்சம் புறப்படும் ஊசித் துளைக்குள் மெல்லச் சுழற்றினார். பஞ்சு சிவந்து வந்தது. துருப்பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

குச்சியைக் குப்பைக் கூடைக்குள் போடப்போன மரியோவின் கையைச் சண்முகலிங்கம் எட்டிப் பிடித்தார். அதை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியின் நட்டநடுவில் ஒற்றினார். கை ஆடவேயில்லை.