அவன் வந்து ஒட்டட்டும்

போன கிழமை பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில் இருக்கிற போட்டோக்கொப்பிக் கடைக்குப் போயிருந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறேன். வந்து இருபது வருடத்துக்கு மேலாகி இப்போதுதான் ஞானம் பிறந்ததா என்று கேட்காதீர்கள். வீட்டில் மனைவி கேட்பதே போதும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்கச் சமையலறைப் பிரெஞ்சு. கெதியாக, சுடுது விலகு, அது முடிந்துவிட்டது. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மொழிப் பரீட்சை பாஸ் பண்ண முடியாது என்பதை இரண்டு முறை தோற்றுத்தான் அறிந்துகொண்டேன். மூன்றாம் முறை எப்படியோ தப்பிவிட்டேன்.

கடைக்காரர் படிவமும் நிரப்பித் தருவார். என் பழைய பயணப் பத்திரத்தை வாங்கி, பக்கம் பக்கமாக இயந்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நடுப்பக்கத்தைப் பிரித்தபோது மடித்த தாள் ஒன்று கண்ணாடியில் விழுந்தது. முத்திரை அளவுதான் இருக்கும். ஓரம் கிழிந்த இடத்தில் மஞ்சளாக மினுங்கியது.

"அண்ணை, இது வேணுமோ, எறியட்டோ?"

"பொறுங்கோ!" என்றேன். சொன்ன வேகத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தத் தாளில் தாமரை வாசமும் இல்லை, ஊதுபத்தி வாசமும் இல்லை. இயந்திரத்தின் சூட்டு வாசம்தான். ஆனாலும் என் வலது கால் ஆடத் தொடங்கிவிட்டது. இந்தக் காலாட்டம் எனக்கு எங்கே முற்றியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அகதிகளுக்கு இந்த நாடு கொடுத்த பயணப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கை தவிர. அதாவது, அம்மா இருக்கிற நாடு தவிர. அதனால் எங்கள் ஆட்கள் தாய் தகப்பனை மூன்றாவது நாட்டில் சந்திப்பார்கள். அவர்கள் அங்கிருந்து வருவார்கள், நாங்கள் இங்கிருந்து போவோம். திருச்சியில் ஒரு வீடு எடுத்து, ஒரு மாதம் சமைத்துச் சாப்பிட்டு, கடைசி நாள் விமான நிலையத்தில் அழுது பிரிவோம். எனக்கு இந்திய விசா கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாய்லாந்து கொடுத்தது. பாங்கொக் ஒரே சத்தம் என்றார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர், "அயுத்தயாவுக்குப் போ. ஆத்தங்கரை, அமைதி, விலையும் குறைவு" என்றார். எட்டு நாளுக்கு அறை பதிந்துவிட்டேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. பாரிஸ் மெற்றோவில் காவி கட்டிய புத்த பிக்கு ஒருவரைக் கண்டாலே அடுத்த பெட்டிக்கு மாறுகிற ஆள் நான். எங்கள் நாட்டில் காவி எந்தப் பக்கம் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன், போர் முடிந்து மூன்றாம் வருடம், பெற்ற தாயைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கிய இடம் புத்தர்களின் ஊர். இந்தக் கூத்தை வேறு எவன் செய்வான்!

ஆனால் நான் போனது அம்மாவைப் பார்க்க மட்டுமல்ல. அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஒரே தம்பி, நேசன். 2009இல் வன்னியில், கடைசி மாதத்தில் காணாமல் போனான். அம்மா முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அவனைத் தேடாத இடமில்லை. இங்கே பாரிஸில், ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் நான் வேலை செய்த உணவகத்துக்கு ரூபன் என்று ஒருவர் கோப்பை கழுவ வந்து சேர்ந்தார். ஒரு மத்தியான இடைவேளையில் இருவரும் லா சப்பல் தேநீர்க் கடையில் நின்றபடி வடை தின்றுகொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக பர்ஸில் இருந்த நேசனின் படத்தைக் காட்டினேன். வன்னியிலிருந்து யார் வந்தாலும் காட்டுவேன். ரூபன் கையில் இருந்த வடையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இவனைத் தெரியும். ஷெல் பட்டது. நான்தான் பங்கருக்குள்ளை வைச்சு மண் போட்டனான்."

அவராகவே சட்டையின் நிறம் சொன்னார், இடது புருவத்துத் தழும்பைச் சொன்னார். அந்தப் படத்தில் தழும்பு தெரியாது. அன்று பின்னேரம் போய் ஒரு மூட்டை வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு அதைவிட வசதியான வேலை இல்லை. அடுத்த நாள் காலை, பாரிஸுக்கு வெளியே நான் இருக்கிற செவ்ரானில் இருந்து ரயில் ஏறியவன், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, பாரிஸின் மறுபக்கம் வரை போய்த் திரும்பி வந்தேன். அம்மாவிடம் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் சொல்லுவோம் என்று முடிவு கட்டினேன்.

பாங்கொக் விமான நிலையத்தில், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்ட அம்மா கேட்ட முதல் கேள்வி: "என்னடா, தலைமயிரெல்லாம் எங்கை போட்டுது?" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு சொன்னார், "பிளேனிலை பக்கத்திலை இருந்த சிங்கள மனிசிதான் எனக்குப் பெல்ட் போட்டு விட்டவ. அவை புத்த கோயிலுகள் பாக்கப் போகினமாம். நாங்கள் எங்கையடா போறம்?" நாங்களும் அங்கேதான் போகிறோம் என்று அப்போது எனக்கே தெரியாது. அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே நேசனின் பெரிய படம், மனுக்களின் பிரதிகள், ஒவ்வொரு விசாரணைக்கும் போய்வந்த ரசீதுத் துண்டுகள். இதைத் தாய்லாந்தில் யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஆர் கண்டது, உதவி செய்யிற ஆரும் இருந்தாலும்," என்றார்.

அயுத்தயாவைச் சுற்றி ஆறுகள். நடுவில் எந்தத் தெருவால் போனாலும் செங்கல் கோபுரம், கோயில், புத்தர். அறையில் இருந்தால் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் சொல்ல வேண்டி வரும். ஆகவே காலையிலேயே ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிடித்து ஓடத் தொடங்கினேன். இருந்த புத்தர், நின்ற புத்தர், காவித் துணி போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் படுத்திருந்த புத்தர். எட்டு நாளில் பதினொரு கோயில். இங்கே சொல்லுவோம் என்று படியேறுவேன், அடுத்ததில் சொல்லுவோம் என்று இறங்குவேன். அம்மா செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் நான் வண்டிக்காரனைத் தேடிக்கொண்டிருப்பேன்.

"காலிலை என்ன சில்லோ பூட்டியிருக்கு? ஒரு இடத்திலை குந்தன்ரா," என்று பேசினார் அம்மா.

அவருக்கு எந்த அவசரமும் இல்லை. மூன்றாம் நாள், இடிந்த கோயில் ஒன்றில் வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள் இருந்தார்கள். அம்மா ஒருவரின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஆரடா இவற்ரை தலையை எடுத்தது?"

"பர்மாக்காரர். அந்தக் காலத்துச் சண்டையிலை."

"அவையும் புத்தரைத்தானே கும்பிடுறவை?"

"ஓம்."

"அப்ப அவருக்கே இந்தக் கதி," என்று சொல்லிவிட்டு, சிலையின் மடியில் கிடந்த சருகுகளைக் கையால் தட்டிவிட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உதுகளை ஏன் தொடுறியள்?" என்றேன். "உனக்கென்ன கல்லோடை கோவம்?" என்றார். கல்லோடுதான் கோபம். வேறு யாரோடு கோபித்தும் ஒன்றும் ஆகாத வருடங்கள் அவை. அம்மாவை இழுக்காத குறையாக அடுத்த கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

கடைசி நாள் ஆற்றங்கரைக் கோயில். வாசலில் ஒரு பெண் தாமரை மொட்டு, மெழுகுதிரி, மூன்று ஊதுபத்தி, சின்னத் தாள்மடிப்பு இரண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தாள். தாள்மடிப்புக்குள் ஊதினால் பறக்கிற மெல்லிய தங்க ரேக்கு. உள்ளே ஒரு சின்னப் புத்தர்; சனம் ரேக்கு ஒட்டி ஒட்டி மூக்கு முழி தெரியாமல் தடித்துப்போயிருந்தார். தங்களுக்கு எங்கே நோவோ அங்கே அவருக்கு ஒட்டுகிறார்கள் என்பது கொஞ்ச நேரம் பார்க்க விளங்கியது. அம்மா மெல்லக் குனிந்து அவருடைய முழங்காலில் ஒட்டினார். விபூதி எங்காவது வைத்திருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். இல்லை. விரலில் மிஞ்சிய பொன்னை நெற்றியில் பூசிக்கொண்டார்.

வெளியே வந்து, ஆற்றைப் பார்த்த சீமெந்துப் படியில் இருந்தோம். பாரம் ஏற்றிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அடுத்த நாள் விமானம். ஓட இனிக் கோயில் இல்லை. என் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்."

அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். கால் நின்றது.

"தெரியும். நீ சொல்லத்தான் கூப்பிட்டனி. எட்டு நாளாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். சொல்லாதை ராசா."

"அம்மா..."

"நீ சொன்னா எல்லாம் முடிஞ்சுது. பிறகு நான் விடிய எழும்பி எங்கை போறது? படத்தோடை போற இடமெல்லாம் என்னை மாதிரிச் சனம் இருக்கு. அதுகளோடை நான் என்னெண்டு போய் இருக்கிறது? எனக்குத் தெரியுமோ தெரியாதோ, அது என்னோடை இருக்கட்டும். நீ உன்ரை வாயாலை சொல்லிப்போடாதை."

பிறகு, ஒட்டாமல் வைத்திருந்த இரண்டாவது தாள்மடிப்பை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது அவன்ரை பங்கு. அவன் வந்து ஒட்டட்டும். நீ கவனமா வைச்சிரு."

நான் அதைப் பயணப் பத்திரத்துக்குள் வைத்தேன். என்னிடம் அதைவிடக் கவனமான இடம் இருக்கவில்லை. அன்று அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும், ஆனால் என் பாரம்தான் குறைந்திருக்கும். அதை அவர் தலையில் இறக்கி வைக்கவா அவ்வளவு தூரம் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருடம் கழித்து அம்மா வவுனியாவில் கண்ணை மூடினார். என்னால் போக முடியவில்லை. பத்திரத்தில் அந்த ஒரு வரி. செவ்ரானில் என் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, கைபேசித் திரையில் நெருப்பைப் பார்த்தேன். இனிக் குடியுரிமை கிடைத்தால் நான் அங்கேயும் போகலாம். போய்க் கதவைத் தட்ட அங்கே வீடில்லை. ரூபன் லண்டன் பக்கம் போனார், பழைய இலக்கம் வேலை செய்வதில்லை. நாங்கள் வடை தின்ற தேநீர்க் கடையில் இப்போது கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள். அம்மாவோடு பேசுவதற்காக நகத்தால் சுரண்டி இலக்கம் எடுத்த தொலைபேசி அட்டைகள் ஒரு கடையிலும் இல்லை. இந்தப் பழைய பத்திரத்தையும் ஒரு நாள் திருப்பிக் கேட்பார்கள், தாய்லாந்து முத்திரையோடு அதுவும் போய்விடும்.

"அண்ணை, சகோதரங்களும் போடவேணும்," என்றார் கடைக்காரர், பேனையைத் திறந்தபடி. "எத்தினை பேர்?"

"ஒரு தம்பி."

"எங்கை இருக்கிறார்? இல்லாட்டித் தவறிப்போட்டாரோ?"

கால் ஆடியது. அந்த இடத்தில் எழுத வேண்டிய பிரெஞ்சுச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதே படிவத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே அதைத்தான் எழுதியிருந்தது. சொல்லாதை என்று தொடையில் கை வைக்க இப்போது ஆளும் இல்லை. ரூபன் சொன்ன சட்டை, தழும்பு, மண் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. பின்னால் நின்றவர் மணி பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"விலாசம் தெரியாது எண்டு போடுங்கோ," என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எழுதினார். பிறகு, இயந்திரத்தின் கண்ணாடியில் கிடந்த தாளை விரலால் தொட்டார்.

"அப்ப இது?"

"தாங்கோ," என்று கையை நீட்டினேன். "அது என்ரை இல்லை, தம்பியின்ரை."